பதினான்காம் எண்காரருக்கு எழுதிய குறிப்பு

ஆர்டித் ஆஸ்போர்ன் இரண்டு விஷயங்களில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நம்பினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை நாற்பதே நிமிஷத்தில் சாப்பிடவைத்து அனுப்புவது ஒன்று. தன் கணவன் வெர்லினின் பான்ஜோவை எத்தனை பான்ஜோக்களுக்கு நடுவிலும் காதால் பிரித்தெடுப்பது இன்னொன்று. முதலாவதை ஹேசல் ஃபோர்க் பள்ளத்தாக்கே ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அவளுடைய ஐம்பத்தேழாவது வயதில்தான் வந்தது.

அவள் பிறந்தது வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் இருந்த வீட்டில். அண்ணன் ராணுவத்துக்குப் போகும்போது கட்டிலுக்கடியில் விட்டுப்போன பான்ஜோவை எடுத்து, அதன் கம்பிகளைத் தானாகவே மீட்டிப் பழகினாள். விடுப்பில் வந்த அண்ணன் ஒரு தடவை கேட்டுவிட்டு, "நீயே வச்சுக்க. இனிமே நான் வாசிச்சா ஊர் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வயதில், தன்னார்வத் தீயணைப்புப் படை நடத்தும் இசைப் போட்டியில் பான்ஜோவுக்கு முதல் பரிசு வாங்கினாள். அதே போட்டியில் ஆறாவதாக வந்தவன் வெர்லின். ஆறாவது இடத்துக்கு ரிப்பன் கிடையாது. அவன் அவளிடம் வந்து, "உன் பான்ஜோவைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். தொட்டுப் பார்த்தான். அடுத்த ஏப்ரலில் கல்யாணம்.

ஒரு வீட்டில் இரண்டு பான்ஜோ இருக்கலாம், ஒரு குழுவில் முடியாது. வெர்லினும் அவன் சித்தப்பா மகன் கோயும் சேர்ந்து ஆரம்பித்த ஹேசல் ஃபோர்க் ராம்ப்ளர்ஸ் குழுவில் கோயின் கிட்டார் இருந்தது, மாண்டலினும் பிடிலும் இருந்தன, வெர்லினின் பான்ஜோ இருந்தது. ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் வாத்தியத்தைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"ஒரே ஒரு வாரம் நின்னு வாசி ஆர்டித், ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றான் வெர்லின்.

அந்த ஒரு வாரம் முப்பத்தோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் காட்டுப்பூண்டுத் திருவிழா, ஜூனில் ஸ்ட்ராபெரித் திருவிழா, ஆகஸ்டில் தீயணைப்புப் படையின் போட்டி, அக்டோபரில் ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சி 'ஆப்பிள் வெண்ணெய்' கிண்டும் திருவிழா. இவற்றுக்கு நடுவே யார் வீட்டுக் கூரை எரிந்தாலும், யாருக்கு இருதய ஆபரேஷன் என்றாலும், நிதி திரட்ட பீன்ஸும் சோள ரொட்டியும் விற்கிற இடத்தில் ராம்ப்ளர்ஸ் நிற்பார்கள். வெர்லின் முன்னால், மைக் அருகில். ஆர்டித் பின்னால், தன்னைவிட உயரமான பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி. நிகழ்ச்சி முடிந்து பிக்கப் வண்டி மண் ரோட்டைத் தாண்டி தார் ரோட்டில் ஏறியதும் விசாரணை தொடங்கும்.

"ரெண்டாம் பாகத்துல மறுபடியும் ஓடிட்டே."

"சரி."

"அடுப்புல எதையோ வச்சுட்டு வந்தவன் மாதிரி ஓடறே. பின்னால ஒருத்தி இந்தப் பெட்டியோட உன்னைத் துரத்திக்கிட்டு வர்றாளேன்னு நினைப்பு வேணாமா?"

"சரி, ஆர்டித்."

வெர்லின் சாலைத் துறையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். மெதுவாகப் போய்ப் பழகிய மனுஷன். அவன் வாதாடாததை ஆர்டித் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகும் திருந்தாததுதான் அவளுக்கு எரிச்சல்.

அந்த வருஷம் ஜூலை கடைசியில் தீயணைப்புப் படைத் தலைவர் லாயிட் சட்ஃபின் பள்ளிச் சமையலறைக்கு வந்தார். பெரிய கொப்பரைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆர்டித்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ் ஆர்டித், இந்தத் தடவை பான்ஜோவுக்கு நீங்க நடுவரா உக்காரணும்."

"வெர்லின் போட்டியில இருக்கானே."

"சொந்தக்காரங்க நடுவரா இருக்கக் கூடாதுன்னு வச்சா, இந்தப் பள்ளத்தாக்குக்கு சீனாவுலேர்ந்துதான் ஆள் கூட்டிட்டு வரணும். அதுக்குத்தானே உங்களை ரூமுக்குள்ள வச்சு அடைக்கிறோம்? ஸ்பீக்கர்ல சத்தம் மட்டும் வரும். பேர் வராது, நம்பர்தான்."

"நம்பர் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? மூணு மலைக்கு அந்தப் பக்கம் வாசிச்சாலும் அவனை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியாத மாதிரி இருங்க" என்றார் லாயிட். "அதைத்தானே எல்லாரும் செய்யறோம்."

ஆர்டித் ஒப்புக்கொண்டாள். ஆனால் தெரியாத மாதிரி இருப்பது அவளுக்கு வராது. அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டாள்: கணவன் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூட அதிகம் போடக் கூடாது. போடக் கூடாதென்ன, யாரும் வாய் திறக்காதபடி கொஞ்சம் குறைத்தே போட வேண்டும். நேர்மை என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. வலி வெர்லினுக்கு என்பதால் அவளுக்குப் பெரிய சிரமம் இல்லை.

போட்டிக்கு முந்தின வாரம் முழுக்க வெர்லின் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒரே பாட்டை வாசித்தான்: 'மில்காரரின் நனைந்த பூட்ஸ்'. ஆகவே எந்தப் பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி மைதானத்தில் மேடை, கூடாரங்கள், வறுத்த ஆப்பிள் பை விற்கும் மேஜைகள். நடுவர்கள் மூவரும் ஆறாம் வகுப்பறையில், முழங்கால் மோவாயை இடிக்கிற குட்டி நாற்காலிகளில். ஒருவர் டென்னசியிலிருந்து வந்த பிடில் செய்கிறவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு தாள். மேலே மதிப்பெண், கீழே போட்டியாளருக்கு நாலு வரி அறிவுரை. தாள்களை உறையில் போட்டுக் கடைசியில் அவரவரிடம் கொடுத்துவிடுவார்கள். நடுவர் பெயர் தாளில் இருக்காது.

முதல் எட்டுப் பேர் வந்தார்கள், போனார்கள். ஒன்பதாம் எண் தொடங்கியதும் ஆர்டித் பென்சிலைக் கீழே வைத்தாள்.

'கேட்டி தாண்டிய பாலம்' என்ற பழைய பாட்டு. எல்லோரும் வாசிப்பதுதான். ஆனால் இந்த ஆள் ஒவ்வொரு சுரத்தையும் அதற்குரிய இடத்தில், அவசரமே இல்லாமல், மேஜையில் தட்டு வைப்பதுபோல் வைத்துக்கொண்டே போனான். இரண்டாம் பாகம் வந்தது. எல்லோரும் அங்கேதான் தடதடவென்று இறங்குவார்கள். இவன் இறங்கவில்லை. கூடவே வந்த கிட்டாருக்கு இடம் விட்டு, மூச்சு விட்டு, மறுபடி சேர்ந்துகொண்டான். ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெளியூர்க்காரனாக இருக்கும், கென்டக்கிப் பக்கம் என்று நினைத்தாள். கல்யாணம் ஆகாதவனாக இருக்கும். வீட்டில் ஒரு பெண் இருந்தால் இத்தனை நிதானம் மிஞ்சியிருக்காது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டாள். கீழே எழுதினாள்: "நீங்கள் யாரென்று தெரியாது. உங்களைப் போன்ற ஒருவர் பின்னால் நின்று பேஸ் வாசிக்க எனக்கு இந்த ஆயுளில் கொடுத்துவைக்கவில்லை. எதையும் மாற்றிக்கொள்ளாதீர்கள்."

பதினான்காம் எண் 'மில்காரரின் நனைந்த பூட்ஸ்' வாசித்தது. முதல் பாகம் சுமார். இரண்டாம் பாகத்தில் கால் தடுக்கி மலையில் உருண்டதுபோல் ஓட்டம். ஆர்டித் மற்ற நடுவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். நாற்பத்திரண்டு போட்டாள். பிறகு, அறிவுரை என்ற தலைப்புக்குக் கீழே, பென்சில் முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: "முப்பத்தோரு வருஷமாகச் சொல்கிறேன், அவசரப்படாதே என்று. உன் அவசரத்தால் நான் பட்ட பாடு போதும். வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன்."

மாலை ஐந்து மணிக்கு லாயிட் மேடையேறி முடிவை வாசித்தார். பரிசு, நீல ரிப்பனும் உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித்தொடை ஒன்றும்.

"பான்ஜோவுக்கு முதல் இடம், ஒன்பதாம் எண். நம்ம வெர்லின் ஆஸ்போர்ன்!"

கூட்டம் கைதட்டியது. ஆர்டித்தும் தட்டினாள். இரண்டாவது தட்டலில் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்திலிருந்த கோய் அவளைத் தோளால் இடித்தான். போட்டியில் வெர்லினுக்குக் கிட்டார் வாசித்தது அவன்தான்.

"என்ன ஆர்டித், புருஷன் ஜெயிச்சதுக்கு யாரோ செத்த மாதிரி நிக்கறே?"

"அவன் 'பூட்ஸ்'தானே வாசிக்கிறதா இருந்தது?"

"மேடையேறப் போகும்போது மாத்திக்கிட்டான். ஒரு வாரமா வாசிச்சு அது அலுத்துப்போச்சாம்."

"அப்ப பதினாலு யாரு?"

"பதினாலா? பாஸ்டர் கார்னெட். நாலு மாசம் ரகசியமா பழகினாராம், பாவம். கை நடுங்கி ஓட ஆரம்பிச்சவர், நிறுத்தத் தெரியாம ஓடினார்."

ஆர்டித் உறைகள் கொடுக்கும் மேஜைக்கு ஓடினாள். உறைகள் தீர்ந்திருந்தன. மைதானத்தின் கோடியில் பாஸ்டர் கார்னெட் பிளெவின்ஸின் கார் வளைந்து ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கார் ஆஸ்போர்ன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாஸ்டர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது அவர் மனைவி க்ளென்னா, கையில் மடித்த தாளோடு. கையெழுத்து யாருடையது என்று க்ளென்னாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுப் பட்டியல் வாராவாரம் அதே கையெழுத்தில்தான் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.

"சிஸ்டர் ஆர்டித், கோபமா வரலை. புரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க க்ளென்னா. உக்காருங்க."

"நின்னே கேட்டுக்கறேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நீங்க முப்பத்தோரு வருஷமா என் வீட்டுக்காரர்கிட்ட எதைச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

ஆர்டித் வாயைத் திறந்தாள். சமையல் மேஜையில் தக்காளி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வெர்லின் மெல்லுவதை நிறுத்தினான்.

"அது அவருக்கு எழுதினது இல்லை. வெர்லினுக்கு."

"வெர்லினுக்கு எழுதினது அவருக்கு ஏன் வந்துச்சு?"

"அவர் வாசிச்சதைக் கேட்டு வெர்லின்னு நினைச்சுட்டேன்."

க்ளென்னா அவளையே பார்த்தாள். "'வீட்டுக்கு வா'ன்னு வேற எழுதியிருக்கு. அவர் நேத்திலேர்ந்து சாப்பிடலை. காலையில பிரசங்கத்துல வசனம் மாத்திச் சொல்லிட்டார். 'சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது க்ளென்னா, ஆனா அந்தம்மா கூப்பிட்டா போய்த்தான் ஆகணுமோ'ன்னு என்கிட்டயே கேக்கறார்."

வெர்லின் எழுந்து உள்ளே போனான். தன் உறையோடு திரும்பி வந்தான். தாளை எடுத்து, சாலைத் துறை அறிவிப்பைப் படிக்கும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தான்.

"'நீங்கள் யாரென்று தெரியாது. உங்களைப் போன்ற ஒருவர் பின்னால் நின்று பேஸ் வாசிக்க எனக்கு இந்த ஆயுளில் கொடுத்துவைக்கவில்லை.'"

க்ளென்னா, நின்றே கேட்பதாகச் சொன்னவள், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி, "கார்னெட், இறங்கி வாங்க! உங்களுக்கு ஒண்ணுமில்லை. வெர்லினுக்குத்தான் பிரச்சினை!" என்று கத்தினாள். பாஸ்டர் வந்து, இரண்டு சாண்ட்விச் தின்றார். 'பூட்ஸ்' இரண்டாம் பாகத்தில் கட்டை விரல் எங்கே போக வேண்டும் என்று வெர்லினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆர்டித் அடுப்பங்கரையில் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள்.

கார் போன பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த நிதானம் எங்கேர்ந்து வந்துச்சு? முப்பத்தோரு வருஷமா அதை எங்க வச்சிருந்தே?"

வெர்லின் யோசித்தான். "நேத்து பின்னால யாரும் தள்ளலை."

"யார் தள்ளறா?"

"பேஸ்."

"நான் தள்ளறேனா? உன்னைப் பிடிக்கத்தானே நான் ஓடி வர்றேன்!"

"நீ ஓடறதால நான் ஓடறேன் ஆர்டித். நான் நின்னா நீ என் மேல ஏறிடுவே."

அவள் நேராகப் போய் கோய்க்கு போன் போட்டாள். வெர்லின் சொன்னதைச் சொன்னாள்.

"கோய், இருக்கியா?"

"இருக்கேன். இன்னிக்கு என்ன சமைச்சே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எல்லாருக்கும் தெரியும் ஆர்டித்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"பேஸுக்கு வேற ஆள் கிடைக்கலை."

போனை வைத்தாள். அன்று அவள் நம்பவில்லை. மறுநாளும் நம்பவில்லை. கணவனும் கொழுந்தனும் சேர்ந்து கட்டிய கதை என்றே வைத்துக்கொண்டாள். உண்மையை ஊருக்கு முன்னால் நிரூபிக்கலாம் என்று அக்டோபர் வரை பொறுத்தாள்.

ஆப்பிள் வெண்ணெய்த் திருவிழாவில், செப்புக் கொப்பரைகள் புகைந்துகொண்டிருக்க, ராம்ப்ளர்ஸ் மேடையேறினார்கள். ஆர்டித் முன்னால் வந்து வெர்லினின் கையிலிருந்து பான்ஜோவை வாங்கிக்கொண்டாள். "நீ போய் அந்தப் பெட்டியைப் பிடி" என்றாள். பேஸில் மூன்று சுரம்தான் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்றும், பனி வாரும் வண்டியின் சக்கரம் மாதிரி, அதனதன் நேரத்துக்கு விழுந்தன. மேடைக்கு எதிரே போட்டிருந்த பலகையில் கால்தட்டி ஆடுகிற பெண்கள் பன்னிரண்டு பேர் ஏறி நின்றார்கள்.

அவள் வாசித்தாள். விரல்கள் மறக்கவில்லை. இருபத்திரண்டு வயது திரும்பி வந்ததுபோல் இருந்தது. இரண்டாம் பாகத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து பேஸ் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. இன்னும் கொஞ்சம். திரும்பிப் பார்த்தாள். வெர்லின் நின்ற இடத்திலேயே நின்று, அதே மூன்று சுரத்தை அதே நேரத்துக்கு வைத்துக்கொண்டிருந்தான். அவள்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். நிறுத்த நினைத்தாள். கை நிற்கவில்லை. ஆடுகிற பெண்களில் இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "ஏய் ஆர்டித், எங்களைக் கொல்லறதா உத்தேசமா?" என்று பலகையிலிருந்தே கத்தினாள். கூட்டம் ஓவென்று சிரித்து, விசிலடித்து, இன்னொன்று கேட்டது.

அவள் பான்ஜோவைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, பிக்கப் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வெட்கம். அதைவிட, முப்பத்தோரு வருஷத்துத் தார் ரோட்டு விசாரணைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்ததுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்த ஆள் வந்து ஏறியபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே" என்றாள்.

"திட்டினா நீ பேஸை விட்டுடுவியோன்னு பயம்" என்றான் அவன்.

அவள் பேஸை விட்டாள். ராம்ப்ளர்ஸ் அடுத்த ஊரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடித்தார்கள். நவம்பரில் க்ளென்னா வந்து, தங்கள் பாப்டிஸ்ட் சபையில் வாசிக்க முடியுமா என்று கேட்டாள்.

"எங்க ஜனங்க பாடற பாட்டு நாலு சரணம் முடியறதுக்குள்ள வீட்டு அடுப்புல கோழி கருகிடுது சிஸ்டர். பாஸ்டரும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டார். உங்களை மாதிரி யாராவது பின்னாலேர்ந்து தள்ளினாத்தான் உண்டு."

ஆர்டித் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பேஸைத் தூக்கிக்கொண்டு போனாள். டிசம்பர் முடிவதற்குள் ஆராதனை கால் மணி நேரம் முன்னதாக முடியத் தொடங்கியது. மெதடிஸ்ட் சபையிலிருந்து மூன்று குடும்பங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு மாறின. உபதேசம் பிடித்து மாறினார்கள் என்று பாஸ்டர் கார்னெட் சந்தோஷப்பட்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஏப்ரலில் காட்டுப்பூண்டுத் திருவிழாவுக்குப் போன வெர்லின் நாலு மணிக்கே திரும்பி வந்தான்.

"என்ன ஆச்சு?"

"வாத்தியார் நல்லா வாசிச்சார். ஒரு இடத்துலகூட ஓடலை. யாருமே ஓடலை."

"அப்புறம்?"

"மூணாவது பாட்டுல ஆடறவங்க பலகையை விட்டு இறங்கிட்டாங்க. அஞ்சாவது பாட்டுல கூட்டம் டிராக்டர் போட்டி பாக்கப் போயிடுச்சு. நிதானம் எல்லாம் போட்டிக்குத்தான் சரிப்படுதுன்னு கோய் சொல்றான்." பான்ஜோவைக் கீழே வைத்தான். "ஸ்ட்ராபெரிக்கு வர்றியா?"

"ஞாயித்துக்கிழமை முடியாது. சபை இருக்கு."

"சனிக்கிழமைதான்."

"என் வேகத்துலதான் வருவேன். பிடிக்க முடிஞ்சவங்க பிடிங்க."

ஜூனில், ஸ்ட்ராபெரித் திருவிழா மேடையில், ராம்ப்ளர்ஸ் ஒரு மணி நேரத்துக்கென்று எழுதிவைத்திருந்த பதினாறு பாட்டும் நாற்பத்தெட்டு நிமிஷத்தில் தீர்ந்துபோயின. ஆடியவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். மிச்ச நேரத்தை நிரப்பக் கோய் மைக்கைப் பிடித்து, தன் கோவேறு கழுதை தபால் நிலையத்துக்குள் நுழைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஆர்டித் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்ட்ராபெரி போட்ட கேக் வாங்க வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் எந்தத் துண்டு என்று தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் போய், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தானே பரிமாறத் தொடங்கினாள்.